அரிப்புக் கரையில் எடுத்த கலங்கள்

என் ஆராய்ச்சி வாழ்க்கையின் முதற்பகுதி வெளிநாட்டில் எலிகளின் கருமுட்டைகளோடு கழிந்தது. ஒரு முட்டை கெட்டுப்போனால் மறுநாள் இன்னொன்று கிடைக்கும். மன்னாருக்குத் திரும்பிக் கடற்பன்றிகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பயம் என் வேலையோடு ஒட்டிக்கொண்டது. கடற்பசு என்றும் சொல்லப்படும், கடற்புல் மேயும் அந்தச் சாதுவான பெரிய விலங்கு இங்கே அருகிவிட்டது. அதைப் பிடிப்பதும் வெட்டுவதும் குற்றம். இறந்து கரை ஒதுங்கும் விலங்கின் சூலகத்திலிருந்தும் தோலிலிருந்தும் கலங்களை, அதாவது உயிரணுக்களை, எடுத்து வளர்த்து, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய குருத்துக் கலங்களாக்கி, இந்த இனத்தை என்றாவது மீட்க வழி தேட வேண்டும் என்பது என் திட்டம். உடல் பழுதாகுமுன் எடுத்தால்தான் உண்டு.

ஒரு காலை, அரிப்பு என்ற கடலோர ஊரிலிருந்து, எனக்கு முன்பே பழக்கமான மீனவர் ஒருவர் போனில் அழைத்தார்.

“மிஸ், எங்கட வலையில கடற்பன்றி ஒண்டு சிக்கிச் செத்துப்போச்சு. பெண் போல கிடக்கு. கெதியா வாங்கோ.”

“அண்ணை, வனசீவராசிக் கந்தோருக்குச் சொல்லிப்போட்டுத்தான் நான் அதில கை வைக்கலாம்.”



“என்னைப் பிடிச்சுக்கொண்டு போவினமோ?”

“தெரியாது, அண்ணை.”

“சரி, சொல்லுங்கோ. நான் வேணுமெண்டு கொல்லேல்லை.”

வனவிலங்கு அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னேன். தான் தூரத்தில் நிற்பதாகவும், நான் வேலையைத் தொடங்கலாம் என்றும், உடலை மட்டும் யாரும் அகற்ற விடக்கூடாது என்றும் அதிகாரி சொன்னார். குளிர்ப்பெட்டியை ஏற்றிக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். மன்னார்ப் பாலத்தைக் கடந்து வாகனத்தைத் தெற்கே திருப்பினேன்.

கரையில் ஒரு கூட்டம் நின்றது. கடற்பன்றியின் கழுத்தில் நைலோன் வலை இறுகியிருந்தது. கத்தியோடு நின்ற ஒருவர் என் வழியில் வந்தார்.

“உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கோ. இறைச்சி எங்களுக்கு. கந்தோரைக் கூப்பிட்டா உங்கட வாகனம் இஞ்சயிருந்து போகாது.”

“கூப்பிட்டாச்சு. வருகினம்.”

கையுறைகளை மாட்டிக்கொண்டேன். ஒருவர் போய் என் வாகனத்தின் முன்னால் நின்றுகொண்டார். என்னை அழைத்த மீனவர் எனக்கும் கத்திக்காரருக்கும் நடுவில் வந்தார்.

“என்ர வலை. என்ர பிழை. அவவை விடுங்கோ,” என்றார்.

நான் குந்தியிருந்து வயிற்றைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கத்தி இருப்பது என் தோலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அவசரத்தில் சூலகத்தைக் கீறிவிடுவேனோ என்று வேறு பயம். கருப்பையைத் தொட்டதும் உள்ளே கனமாக ஏதோ தட்டுப்பட்டது. முழுதாக உருவான குட்டி, உயிரில்லை. கண் மூடியிருந்தது. இரண்டு துடுப்புகளும் நெஞ்சில் மடிந்திருந்தன.

கத்திக்காரர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பின்னால் போனார். இறைச்சியைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை.

தாயின் சூலகத்தையும் குட்டியின் தோலில் சிறு துண்டுகளையும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். அதிகாரிகள் வந்து மீனவரிடம் வாக்குமூலம் எடுத்தார்கள், வலையையும் கொண்டுபோனார்கள். தானாகவே அறிவித்தவர் இவர் என்று நான் எழுத்தில் கொடுத்தேன். விசாரணை முடிந்து வலை திரும்பி வரும்வரை அவர் வேறொருவரின் படகில் கூலிக்குப் போனார்.

சூலகக் கலங்கள் பிழைக்கவில்லை. தோலும் போய்விடும் என்ற பயத்தில் தினமும் கலங்களைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில் பார்க்குமுன் கண்ணை ஒரு முறை மூடிக்கொள்வேன். மின்சாரம் நின்றால் ஆய்வுகூடத்துக்கு ஓடுவேன். தோல் துண்டுகளை இட்ட இரண்டு குடுவைகளில் ஒன்றில் பூஞ்சணம் பிடித்து அதை எறிய நேர்ந்தது. மற்றதில், துண்டின் ஓரத்திலிருந்து மெல்லிய கலங்கள் ஊர்ந்து வெளிவரத் தொடங்கின. அவற்றில் பாதியை உறைய வைத்தேன். மீதியைக் குருத்துக் கலங்களாக்கப் பலமுறை முயன்றேன். இன்னும் முடியவில்லை.

வலை கிடைத்த பின் அந்த மீனவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்திருந்தார்.

“இதெல்லாம் உயிரோடயோ இருக்குது?”

“ஓம்.”

“அந்தக் குட்டியின்ரயோ?”

“ஓம், அண்ணை.”

அவர் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

“பயமாக் கிடக்கு மிஸ். நான் வாறன்,” என்றார்.

எனக்கும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. வாசல்வரை கூடவே போனேன்.