துரை கராஜுக்கு நான் அடித்த சீலிங்

டிரைவர் வேலையில் வண்டி ஓட்டுவது கால் பங்குதான். மிச்சம் முக்கால் பங்கும் வண்டியைத் துடைப்பது, துரை வரும்வரை காத்துக் கிடப்பது, நமக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கெல்லாம் தலையாட்டுவது. இந்தக் கடைசி வகையில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "நானே செஞ்சிடுறேங்க" என்று ஒரு தடவையாவது சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவர் நீங்கள் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் உங்களைவிட மோசம்.

கொட்டகலையிலிருந்து மூன்று மைல் உள்ளே ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். பெரிய துரை இன்னும் வெள்ளைக்காரர்தான். அவர் வண்டிக்கு நான் டிரைவர்.

துருச் சொட்டு

பங்களா கராஜுக்குத் தகரக் கூரை. எங்கள் பக்கத்துக் குளிருக்குத் தகரத்தின் அடியில் ஈரம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வெயில் ஏறியதும் அது துருவோடு சேர்ந்து வண்டி மேல் சொட்டும். வண்டியோ புதுசு, அதிலும் வெள்ளை நிறம். நான் துடைப்பேன்; துரையின் மனைவி, துரைசாணி, வந்து நான் துடைக்காமல் விட்ட ஒரே ஒரு பொட்டைச் சரியாகக் கண்டுபிடிப்பார். கடைசியில் துரை ஒரு முடிவுக்கு வந்து, கொழும்பிலிருந்து ரயிலில் சீலிங் பலகை தருவித்தார். மரப்பலகை அல்ல, மரக்கூழை அழுத்திச் செய்த அட்டைப் பலகை. நாலடி அகலம், எட்டடி நீளம்.

பலகை வந்து இறங்கிய அன்றே சின்னையா என்னைத் தேடி வந்தார். தோட்டத்துப் பட்டறையில் அவர்தான் தச்சர். தச்சரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பட்டறையில் வேலை இல்லாத ஆளைத் தேயிலை மலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று துரை அந்த மாதம்தான் உத்தரவு போட்டிருந்தார். மலை என்றால் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலை. வளைந்த கத்தி, வழுக்கும் சரிவு. சின்னையா கத்தியைக் கையில் எடுத்துப் பழகாதவர். இந்தச் சீலிங் வேலை கிடைத்தால் பட்டறையிலேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தார்.

"பாஸ், கவலப்படாதீங்க, தொரைகிட்ட நான் பேசுறேன்" என்று அவர் தோளைத் தட்டிச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு வார்த்த போட்டு வைங்கண்ணே, அது போதும். தச்சனுக்குப் பத்து வெரலுந்தான் சொத்து. அத மலையில கொண்டுபோய் வெக்கப் பயமா இருக்கு."

என் வாய்

மறுநாள் துரையை ஹட்டனுக்குக் கூட்டிப் போனேன். வழியில் அவரே சீலிங் பேச்சை எடுத்தார். ஹட்டனிலிருந்து கான்ட்ராக்ட் ஆளைக் கூப்பிடலாமா, இல்லை தோட்டத்திலேயே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிச் சந்தர்ப்பம். 'சின்னையா' என்று நாலெழுத்துச் சொல்லியிருந்தால் என் கடன் தீர்ந்திருக்கும்.

ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், மழையில் நின்றுபோன வைப்பரை ஒரு சணல் கயிறு கட்டி ஓட்டிக் காட்டியிருந்தேன். துரை "டிரைவர் வெரி கிளெவர்" என்று துரைசாணியிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு வாரமாகச் சாராயம் மாதிரி ஏறிக் கிடந்தது. இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. வேறு காரணம் ஒன்றுமே இல்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது. "வெளி ஆள் எதுக்குங்க, நானே அடிச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இன்னொருவனை அல்லவா கெடுத்தேன்!

துரை பின் சீட்டில் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அப்போ பாஸ் வேண்டாம். டிரைவர் இருக்கு."

குசினி அந்தோணியின் தலை

எட்டடிப் பலகையை ஒருவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆணியும் அடிக்க முடியாது. இது எனக்கு ஏணியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பங்களா குசினியில் சமைக்கும் அந்தோணியைக் கூப்பிட்டேன். அவன் பெட்டி மேல் ஏறி நின்று, பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். நான் ஆணி அடிக்க வேண்டும். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணி சட்டத்தில் இறங்காமல் பலகையைத் துளைத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போயிற்று. மூன்றாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்தோணி குதித்து இறங்க, பலகை எங்கள் இருவர் மேலும் இறங்கியது.

இப்படியே ஒன்பது நாள். என் இடது கையில் மூன்று விரல் நகம் கறுத்துவிட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமைதான். பலகைக்குப் பலகை நகம் நுழைய இடமில்லாமல் இறுக்கி அடித்திருந்தேன். அந்தோணி தலையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"இருவது வருசமா தொரைமாருக்குத் தட்டுத் தூக்குறேன் அண்ணே. தலையால தூக்கச் சொன்னது நீங்க ஒருத்தருதான்."

மேலே எரிந்த விளக்கு

வேலை முடிந்த அன்று சாயங்காலம் துரையையும் துரைசாணியையும் அழைத்து வந்து காட்டினேன். சுவிட்சைப் போட்டேன். கராஜ் இருட்டாகவே இருந்தது. மறுபடி போட்டேன். அப்போதுதான் துரைசாணி அண்ணாந்து பார்த்து ஏதோ இங்கிலீசில் சொன்னார். நான் வளைந்த ஆணியைப் பிடுங்கிய ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கூரையில் தொங்கிய விளக்கைக் கீழே இறக்காமலே அதற்கும் சேர்த்துப் பலகை அடித்துவிட்டிருக்கிறேன்.

துரை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பொட்டு வெளிச்சங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டிரைவர், மேலே யார் இருக்கு?"

சந்தையில் ஒரு கேள்வி

சின்னையாவை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டறைக்குள் உரச்சாக்கு அடுக்கியாயிற்று. காலையில் துரையை ஏற்றிக்கொண்டு போகும்போது, கவ்வாத்துக்காரர்கள் வரிசையில் கடைசி ஆளாகக் குனிந்து நிற்பார். வண்டிச் சத்தம் கேட்டதும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்குவார். அந்த வளைவில் மட்டும் நான் எப்போதும் கொஞ்சம் வேகமாகத் திருப்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைச் சந்தையில் அவரிடம் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் துரையிடம் பேசிப் பார்த்ததற்கு நன்றி சொன்னார்! நான் பேசியும் துரை மசியாமல் வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அதோடு விட்டாரா? தொழில் தெரிந்தவர் அல்லவா, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு பலகைக்கும் நடுவுல ஒரு சல்லிக்காசு தடிப்புக்கு எடம் விட்டீங்கதானேண்ணே? மழக்காலத்துல அது ஊறிப் பருக்கும். எடம் விட்டு, மேல மெல்லிசா ரீப்பர் கட்டைய அடிச்சு மறச்சிடணும்."

வெயில் காலம் அது. அன்றைக்கே போய்ப் பலகைகளைக் கழற்றி மறுபடி அடித்திருக்கலாம். குறைந்தபட்சம், "இல்லை பாஸ், நீங்க வந்து ஒரு தடவ பாருங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். "ஓ, விட்டேனே" என்றேன். அவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

"அதானே, ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்!"

வைகாசி மழை

வைகாசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை இரண்டு நாள் பெய்து ஓய்கிற மழை அல்ல. துணி காயாது, உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப் போகும். பலகைகள் ஊறின. பக்கவாட்டில் பருக்க இடமில்லாததால் பானை வயிறு மாதிரிக் கீழ்நோக்கித் தொய்ந்தன. நான் தினமும் ஒரு கம்பை முட்டுக்கொடுத்து வைத்தேன். கம்புகள் கூடக்கூட வண்டியை உள்ளே விட இடம் குறைந்தது.

ஒரு காலை துரை ரயிலைப் பிடிக்க வேண்டும். வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது ஒரு கம்பைத் தட்டிவிட்டேன். முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ணவில்லை. பலகைகள் எல்லாம் ஈரத்தோடு வண்டி மேல் விழுந்தன. புது வெள்ளை வண்டியின் கூரை நசுங்கியது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அது எனக்கு அப்போது நியாயமாகப் படவில்லை.

துரை படியில் பெட்டியோடு நின்றார். என்ன தைரியத்தில் சொன்னேனோ, இறங்கி ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சின்னையா பாஸ் முதல் நாளே இந்த வேலையைக் கேட்டார், நான்தான் மறைத்தேன், அவர் எச்சரித்தபோதும் பொய் சொன்னேன், அவர் மலைக்குப் போனது என்னால்தான் என்றேன். துரை கேட்டுக்கொண்டே நின்றார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

"அன்னைக்கு ஏன் பேசலை, டிரைவர்?"

இரண்டாவது சீலிங்

சின்னையாவைக் கூப்பிட்டு வரச் சொன்னார் துரை. அவர் வந்து நின்றபோதுதான் கவனித்தேன், இடது கையில் துணி சுற்றியிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் கவ்வாத்துக் கத்தி வழுக்கியிருக்கிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இனி மடங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மடங்காத விரல்களால் ஆணியைப் பிடிக்க முடியாது. கராஜ் வேலைக்கு மட்டும் துரை சம்மதித்தார். அது முடிந்ததும் மலைக்கே திரும்ப வேண்டும் என்றும், இப்படிப்பட்ட கைக்கு இனிப் பட்டறையில் பேர் போட முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதற்கு நான் எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை.

ஏணியில் அவர், பெட்டி மேல் நான். பலகையை என் தலை தாங்கியது. ஆணியையும் நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் சுத்தியலை எடுப்பதற்கு முன்னால், நடந்ததையெல்லாம் அவரிடமும் சொல்லிவிட்டேன். துரையிடம் பேசவே இல்லை என்பதையும், சந்தையில் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். தலையில் பலகை இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சல்லிக்காசு ஒன்றை இரண்டு பலகைக்கும் நடுவில் செருகி இடைவெளி பார்த்தார். பிறகு சுத்தியலைத் தாழ்த்தி மேல்நோக்கி ஓங்கினார். கறுத்துப்போன என் மூன்று நகங்களும் அதற்கு நேர் மேலே இருந்தன. என்னை அறியாமல் கையை இழுத்தேன். ஆணி கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுக்கவில்லை. நானே சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் பிடிக்கும்வரை காத்திருந்தார்.

"பயப்படாம புடிங்கண்ணே. எனக்கு ஆணி எது, வெரல் எதுன்னு தெரியும்."

அந்தச் சீலிங் நான் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்வரை ஒரு நூல்கூடத் தொய்யவில்லை. அதன் கீழ் வண்டியை நிறுத்திய அத்தனை வருடமும், டிரைவர் என்பவன் முன்னால் பார்த்தால் போதும், மேலே பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.