பாப்பா இங்கேதான் இருக்கிறாள்

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒரு ஆள் செத்துப்போனார் என்று நிரூபிப்பது சுலபம், உயிரோடு ஒரு ஊரில் இருக்கிறார் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

திருப்பூர் மண்ணரையில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே என் கடை. ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், கரண்ட் பில் எல்லாம் பார்ப்பேன். ‘ஃபைல் சைஸ் அதிகம்’ என்று கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கியவர்தான் நீங்களும். அதனால் உங்களிடம் மனம் விட்டுச் சொல்லலாம். என்னைப் பாடாய்ப் படுத்துகிற வேலை, வெளிநாட்டில் பிறந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே வளர்கிற குழந்தைகளுக்குத் தங்கும் அனுமதி வாங்குவது. குழந்தை தொடர்ந்து இந்த ஊரில்தான் குடியிருக்கிறது என்று காட்ட வேண்டும். குழந்தை பெயரில் கரண்ட் பில் வருமா? கேஸ் சிலிண்டர் வருமா? வீட்டைத் தலைகீழாக்குவது குழந்தைதான், ஆனால் காகிதத்தில் மட்டும் இருக்காது.

கார் ஏறி வந்த ஆல்பம்

சேவூர்க்காரர் ஒருவர், கம்பெனி முதலாளி. மகள் பெற்ற பேரன் அமெரிக்காவில் பிறந்தவன், இப்போது இவர் வீட்டில் வளர்கிறான். சொந்த வீடு, பள்ளிக்கூடச் சான்று எல்லாம் கைவசம் இருந்தது. அதைக் கொடுத்தாலே போதும். ஆனால் “ஆதாரம் கொண்டு வாங்க” என்று நான் சொன்னதும், மறுநாள் காரிலிருந்து டிரைவர் இரண்டு கையாலும் ஒரு காதுகுத்து ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்ததும் என் கீபோர்டு காணாமல் போய்விட்டது.

“இதுல அட்ரஸ் எங்கீங்க இருக்குது?” என்றேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அவர் நிதானமாகப் பக்கங்களைத் திருப்பி, மண்டபத்துப் பந்தியை விரல் வைத்துக் காட்டினார். “இத்தன பேரு வந்து எங்கூட்டுச் சோறு உண்டுட்டுப் போயிருக்கறாங்க. இதுல ஆர வேணா கூப்புட்டுக் கேளு கண்ணு, பையன் இங்கதான் இருக்கறான்னு சொல்லுவாங்க.”

கையெழுத்து மட்டும் வேண்டாம்

அப்படி ஆல்பம் போடுகிற வசதி செல்வராணிக்கு இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கணவர் கனடாவில் லாரி ஓட்டினார். மகள் ஜெசி அங்கே பிறந்தாள். ஒரு நாள் அவர் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையோடு ஊருக்கு வந்தவள், பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து ஒரு சின்ன பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெசிக்கு இப்போது நாலு வயது முடிந்துவிட்டது, ஜூனில்தான் பள்ளிக்கூடம். அனுமதி முடியப்போகிறது. நீட்டிக்காவிட்டால் பிள்ளை நாட்டை விட்டுப் போக வேண்டும். கனடாவில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அவளுடைய ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் தூத்துக்குடி முகவரி. தெற்கிலிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. பத்து வருஷம் இங்கே இருந்தாலும் “நாளைக்கே ஊருக்குப் போயிருவோம்” என்று கார்டை மாற்ற மாட்டார்கள். சரி, வாடகை ஒப்பந்தமாவது போடலாம் என்று அவள் குடியிருக்கிற லைன் வீட்டின் சொந்தக்காரம்மாவிடம் போனோம். மோர் கொடுத்தார், ஜெசிக்கு முறுக்கு கொடுத்தார், பேப்பரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “புள்ள இங்கதான் இருக்குதுங்க, கோயில்ல வந்து சூடம் அடிச்சு வேணாலும் சொல்றேனுங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க சாமி, என்ற ஊட்டுக்காரரு வைவாரு.”

எந்த ஷிப்ட்?

விசாரணைக்குப் போலீஸ்காரர் வருவார், பிள்ளையை நேரில் பார்த்து எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று செல்வராணிக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். கான்ஸ்டபிளும் வந்தார், வேலை நாளில், பகலில். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பீகார் பையனை எழுப்பி, குழந்தை எங்கே என்று கேட்டிருக்கிறார். அவன் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டான்: “பாப்பா? பாப்பா கம்பெனி மே.” கம்பெனியில் இருக்கிறாளாம்.

அவன் சொன்னது பொய்யில்லை. செல்வராணியின் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் கிடையாது. பிள்ளையைத் தனியே விட முடியாமல் கூடவே கூட்டிப்போவாள். சாம்பிள் தைக்கிற அறையில், ஆர்டர் வேலைகளைப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் ப்ரீத்தியின் மேசைக்கடியில் ஜெசி படம் வரைந்துகொண்டிருப்பாள். இதெல்லாம் கான்ஸ்டபிளுக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பத்தில் இருந்த என் நம்பருக்குப் போன் வந்தது. “ஏனுங்க, நாலு வயசுப் புள்ள எந்த ஷிப்டுக்குங்க வேலைக்குப் போகுது?”

தலை இல்லாத பிள்ளை

கான்ஸ்டபிளுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. ‘நேரில் பார்க்கவில்லை’ என்றே எழுதிவிட்டார். அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து மறுபடி கேள்வி வந்தது: தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் என்ன? “பிள்ளையையே கொண்டாந்து காட்டுதேன்னாலும் பத்தாதுங்காவளே, நான் என்னக்கா செய்யட்டும்?” என்று செல்வராணி என் கடையில் உட்கார்ந்து அழுதாள். கம்பெனி மேனேஜரிடம் ஒரு கடிதம் கேட்டோம். குழந்தை கம்பெனிக்குள் இருந்ததாக எழுதிக் கொடுத்தால் ஆடிட்டில் குழந்தைத் தொழிலாளர் கேஸாக மாட்டிக்கொள்வோம் என்று கும்பிடு போட்டார். கோபமாகத்தான் வெளியே வந்தேன்.

வாசல் வரை கூடவே வந்த ப்ரீத்திதான் விஷயத்தைச் சொன்னாள். அது குழந்தைகள் உடுப்பு தைக்கிற கம்பெனி. புதுச் சட்டை தைத்தால் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தால் போதாது, உயிருள்ள பிள்ளைக்குப் போட்டுப் படமெடுத்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்ப வேண்டும். இந்த இரண்டரை வருஷமும் அந்தப் பிள்ளை ஜெசிதான். ஒவ்வொரு படத்திலும் நெஞ்சுக்கு நேராக ஒரு சீட்டு: சைஸ், தேதி. ஒன்றரை வயசுச் சட்டையிலிருந்து ஐந்து வயசுச் சட்டை வரை வரிசையாக வளர்ந்திருக்கிறாள்! எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

மெயிலைத் திறந்து பார்த்தால் ஒரு படத்திலும் தலை இல்லை. பையருக்குச் சட்டைதானே முக்கியம், கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்களாம். தலையில்லாத பிள்ளையை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவது? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். ப்ரீத்தி தன் போனைத் திறந்து நீட்டினாள். வெட்டாத படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றில் நாக்கை நீட்டுகிறாள், ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாள். இவ்வளவு படத்தையும் ஏன் இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்தாய் என்று கேட்டேன். “பாப்பா சிரிச்சுட்டு இருக்குதுங்க்கா, எப்படிங்க்கா அழிக்கறது?”

அதிகாரி கேட்ட கேள்வி

படங்களை வரிசையாக அனுப்பினோம். குழந்தையோடு நேரில் வரச் சொன்னார்கள். அன்று கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். செல்வராணி வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

அதிகாரி ஒரு அம்மா. படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “சீட்டுல எந்தத் தேதிய வேணாலும் எழுதலாமே. ஒரே நாள்ல பத்துச் சட்டைய மாத்தி மாத்திப் போட்டு எடுத்திருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?” பிள்ளை படத்துக்குப் படம் வளர்ந்திருக்கிறதே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் ஜெசி முந்திக்கொண்டாள்.

ஜெசிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கிப் படங்களைப் பார்த்தாள். அவளுக்கு அது சாம்பிள் அறை மேசை மாதிரிதான் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தாள். “இது நானுங்க. இது கழுத்து டைட்டுங்க, தலையே போகலீங்க, அழுதேனுங்க. இது ஓகேங்க. இதுக்குக் கை நீளமுங்க, ப்ரீத்திக்கா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஏனுங்க, நீங்க எந்த பையருங்க?”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார். “இத்தனையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுக்க முடியாது” என்று அதிகாரியே ஒத்துக்கொண்டார், அடுத்த வாரம் அனுமதியும் வந்துவிட்டது. ஆகவே சக பாதிக்கப்பட்டவர்களே, திருப்பூரில்தான் குடியிருக்கிறோம் என்று காட்டச் சொந்த வீடு தேவையில்லை, ஒரு சட்டையில் குறை சொல்லத் தெரிந்தால் போதும்.