கடைசிப் பனிக்குக் காத்திருந்தவள்

தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். கணவன் கைவிட்டதும் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டிக் குழித்தட்டுகளில் ப்ரோக்கோலி நாற்று வளர்க்கப் பழகிக்கொண்டாள். நிலம் அண்ணன் பொறுப்பு, நாற்று அவள் பொறுப்பு. எப்போது நடுவது என்பதில் மட்டும் இருவருக்கும் ஓயாத தகராறு.

ப்ரோக்கோலியில் நாம் சாப்பிடுவது விரியாத மொட்டுக் கொத்து. கடைசி உறைபனி விலகும் தறுவாயில் நட்டால், வெயில் ஏறுமுன் கொத்து திரண்டுவிடும். முந்தினால் பனி கருக்கும். பிந்தினால் வெயிலில் மொட்டெல்லாம் மஞ்சளாக விரிந்துவிடும். முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும்.

போன வருஷம் அண்ணன் அவசரப்பட்டார். நட்ட வாரமே உறைபனி இறங்கி, இலைகள் வேகவைத்ததுபோல் துவண்டு தொங்கின. வரப்பில் குந்தியவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் அவரே கேட்டார். "பாப்பா, நீயே சொல்லு. எப்ப நடலாம்?"

அப்படி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் ஒரு பனி பாக்கி இருக்குண்ணே. பொறுப்போம்."

"பக்கத்துத் தோட்டத்துல நட்டுட்டாங்களே?"

"அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கட்டும். நாமதான் பட்டாச்சே."

பொறுத்தார்கள். விடிந்ததும் அவள் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெறும் ஈரம்தான். தட்டின் குழிக்குள்ளேயே நாற்றின் வேர் சுருண்டது, தண்டு முற்றியது, அடியிலை பழுத்தது. பனி வரவே இல்லை. வேறு வழியின்றி நட்டார்கள். பின்னாலேயே வெயில் வந்தது. கொத்து கோலிக்குண்டு அளவுகூடத் திரளவில்லை. அதற்குள் வயல் முழுக்க மஞ்சள்.

அந்த வழியாகப் போன லாரிக்காரர் வண்டியை நிறுத்தினார். "அழகா இருக்கே! பூ விவசாயமா?"

"ஆமாங்க. தேனீ மட்டும்தான் வாங்க வருது" என்று அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"என்னைத் திட்டிடுண்ணே. என் பேச்சைக் கேட்டுத்தானே…"

"போன வருஷம் நீ என்னைத் திட்டினியா?"

வயலைப் பயிரோடு சேர்த்து உழுதுபோட்டார்கள். அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் சுமை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எங்கிருந்தோ வரும் ப்ரோக்கோலிப் பெட்டிகளும் அவர் தோளில்தான் இறங்கின. பக்கத்துத் தோட்டத்தில் விளைச்சல் நன்றாக இருந்ததாம். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவளாகவே கேள்விப்பட்டாள்.

அடுத்த பருவம் நெருங்கியதும், "விதை போடட்டாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம் பாப்பா. எப்ப நடணும்னு மட்டும் என்னைக் கேக்காதே."

அவளுக்கும் தெரியவில்லை. குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டி மேலே வைத்தாள்.