பன்னிரண்டு லாச்சிகள்

இருளாண்டியின் வலது கால் குட்டையானது 1921இல். மலாயாவில், செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அவன் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது காற்றில் ஒரு கிளை முறிந்து தொடைமேல் விழுந்தது. மூன்று மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். மேட்டிலும் பள்ளத்திலும் பால்வாளி தூக்கி நடக்க இனி முடியாது என்று தெரிந்ததும் துரை அவனைத் தச்சுக் கொட்டகைக்கு அனுப்பினார். ரப்பர் ஷீட்டுகளை அடைத்துக் கப்பலேற்றும் பெட்டிகளை அங்கே செய்தார்கள்.

பெட்டி அடிப்பது பெரிய வித்தையில்லை. ஆனால் இருளாண்டிக்கு மரம் பிடித்துப்போயிற்று. கழிவுப் பலகையில் வீட்டுக்கு அரிசிப்பெட்டி செய்தான், மனைவி பெரியநாயகிக்கு மணை செய்தான், மகள் ஜெயமணியின் கல்யாணத்துக்குக் கட்டில் செய்தான். கூலிவீட்டு வரிசையான லயத்தில் யார் வீட்டுக் கதவு இழுத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

1929 தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். துரைசாணி அவனை பங்களாவுக்கு அழைத்து, சீமையிலிருந்து வந்த புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார். துணிமணி வைக்கும் அலமாரி. கதவு கிடையாது, மேலிருந்து கீழ்வரை வெறும் இழுப்பறைகள்தான்.

"இருளாண்டி, இந்த மாதிரி வேணும். பெரிசு. பன்னிரண்டு லாச்சி" என்றார் துரைசாணி. இழுப்பறைக்கு இந்த நாட்டில் லாச்சி என்றுதான் பேர். "ஆணி கூடாது. ஆணி துணியைக் கிழிக்கும்."

அலமாரி ஐந்தடி உயரம், ஐந்தடி அகலம். கொட்டகையில் அதற்கு இடமில்லை. லயத்து வீட்டின் பின்புறம் அத்தாப்பு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் வேலையைத் தொடங்கினான். தோட்டத்து ரம்பத்தையும் உளிகளையும் இழைப்புளியையும் வீட்டுக்குக் கொண்டுபோகத் துரை அனுமதி கொடுத்தார். மெரந்திப் பலகைகளை மாட்டுவண்டியில் அனுப்பிவைத்தார்.

சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலேயே போயின. ஒரு பலகையின் முனையில் பல் வெட்டி, மறு பலகையின் பல்லோடு கோத்து, கொட்டாப்புளியால் தட்டி இறக்குவான். முதல் லாச்சி மழைக்காலத்தில் ஊதி, பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். கடைசியில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தான். பெரியநாயகி சவுக்காரத் துண்டால் அடிக்கட்டைகளில் தேய்த்துக் கொடுத்தாள். ஒன்பதாவது லாச்சி முடிந்தபோது ஒற்றை விரலால் தள்ளினாலே உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டு முத்தாயி, புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருப்பவள், அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள்.

"வெண்ணெயாட்டம் போவுதுண்ணே."

ஒன்பதோடு நின்றிருக்க வேண்டியது. 1930 நடுவில் ரப்பர் விலை விழுந்தது. முதலில் வேலை நாள் குறைந்தது. பிறகு பாதி மரங்களில் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். பெட்டி அடிக்க ஷீட்டே இல்லை. ஒருநாள் துரையும் துரைசாணியும் காரில் ஏறிச் சீமைக்குக் கிளம்பிவிட்டார்கள். அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களுக்கு எத்தனையோ யோசனை இருந்திருக்கும்.

இருளாண்டி பத்தாவது லாச்சிக்குப் பலகை இழைக்கத் தொடங்கினான்.

"யாருக்குங்க இது? அதான் அவங்க போயிட்டாங்கல்ல" என்றாள் பெரியநாயகி.

"தெரியல."

"அப்புறம் எதுக்கு?"

"நிறுத்திட்டு என்ன செய்யச் சொல்ற?"

பெரியநாயகி சுருள் சுருளாக விழுந்த மரச்சீவலைக் கூட்டி அடுப்புக்கு அள்ளிப்போனாள்.

பன்னிரண்டாவது லாச்சி முடிந்த வாரத்தில் பட்டியல் வந்தது. காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்தில், கணக்கெழுதும் கிராணி நாகமுத்து அதை வாசித்தார். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள். வயதானவர்கள், நோயாளிகள், ஆண் துணையில்லாத பெண்கள். இளவட்டங்கள் மட்டும் இருப்பார்கள். இருளாண்டி, பெரியநாயகி என்று பேர் வந்தது. முத்தாயியின் பேர் வந்தது. ஜெயமணி பேரும் அவள் புருஷன் சுப்பன் பேரும் வரவில்லை. ஜெயமணிக்கு அப்போது ஆறு மாதம்.

இருளாண்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

"கிராணி ஐயா, தலைப்பிள்ளை. தாய் பக்கத்துல இருக்கணும். பிரசவம் முடியற வரைக்கும் எங்கள விட்டுருங்க."

"நான் எழுதுன லிஸ்டு இல்லப்பா இது."

"அப்ப அவளையும் எங்களோட சேத்து அனுப்பிருங்க."

"வயித்துப்பிள்ளையோட ஏழு நாளு கப்பல்லயா? அவ புருஷன் விடுவானா?" நாகமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருளாண்டி, அடுத்த மாசம் எனக்கே இந்த நாற்காலி இல்ல. நான் யாருகிட்டப் போயி நிக்கட்டும், சொல்லு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது ஜெயமணி, "நானும் வந்துடறேம்ப்பா" என்று அழுதாள். சுப்பனுக்கு ஊரில் ஒருவரும் கிடையாது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "போனா அங்க கஞ்சிக்கு என்ன வழி மாமா?" என்றான். அவன் கேட்டது நியாயம். அதனால்தான் இருளாண்டியால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் முத்தாயி வந்தாள்.

"ஒரு ரப்பர் பெட்டி கெடைக்குமாண்ணே? மூணு புள்ளைங்க துணி, சட்டி பானை. அள்ளிப்போட ஒண்ணுமே இல்ல."

கொட்டகையில் ஒரு பெட்டிகூட மிச்சமில்லை. இருளாண்டி சாய்ப்புக்குள் போனான். அலமாரியிலிருந்து கீழ் வரிசை லாச்சி ஒன்றை முழுதாக உருவி அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கத் தயங்கினாள்.

"துரைசாணியோடதாச்சே."

"எடுத்துட்டுப் போம்மா."

செய்தி லயம் முழுக்கப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும், கப்பலேறும் பன்னிரண்டு வீட்டுக்குப் போய்விட்டன. கிராணி ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாய்ப்பில் அலமாரியின் கூடு மட்டும் பன்னிரண்டு பொந்தோடு நின்றது.

மறுநாள் காலை ரம்பம், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு லாரியில் ஏறினார்கள். ஜெயமணி லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல தண்ணியாப் பாத்துக் குடிங்கம்மா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். லாரி நகர்ந்த பிறகுதான் கையை விட்டாள்.

தம்பின் ஸ்டேஷனில் ரயிலேறி, மறுநாள் துறைமுகத்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பல தோட்டத்து ஜனங்கள் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு அதிகாரி சாமான்களைப் பார்வையிட்டுக்கொண்டே வந்தார். லாச்சிகளைக் கண்டதும் நின்றார். மூடியில்லாத பெட்டி கப்பலில் ஏறாது என்றார். மூடி அடித்தால் கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டு குடும்பமும் இருளாண்டியைப் பார்த்தது.

அவனிடம் ஒரு சுத்தியல்கூட இல்லை. முகாம் முழுக்கச் சுற்றி ரம்பம் கேட்டான். காவலாளியிடம் கேட்டான், துறைமுகத்து ஆட்களிடம் கேட்டான். பலகையும் கிடைக்கவில்லை, ஆயுதமும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது பெண்கள் சேலைகளை விரித்து, துணியையும் பாத்திரங்களையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முத்தாயி அவன் முகத்தைப் பார்க்காமல், "போவட்டும்ண்ணே, மூட்டைதான் தூக்க லேசு" என்றாள்.

காலி லாச்சிகளைச் சமையல்கூடத்துப் பக்கம் அடுக்கினார்கள். ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமையல்காரனுக்குக் காய்ந்த மரத்தைப் பார்த்ததும் சந்தோஷம். கோடரியை ஓங்கி ஒன்றின் மூலையில் அடித்தான். கோடரி துள்ளியது, மூலை விடவில்லை. மறுபடி அடித்தான்.

"என்ன எழவுடா இது, பிரிய மாட்டேங்குதே!"

இருளாண்டி சுவரோரம் குந்தியிருந்து பார்த்தான். நாலாவது அடி அடிக்கும்போது எழுந்து நொண்டிக்கொண்டே கிட்டே போனான்.

"அங்க அடிக்காதீங்க. உள்பக்கமா, இந்தா, இந்த இடத்துல தட்டுங்க. விட்டுரும்."

சமையல்காரன் தட்டினான். பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று அலுங்காமல் கழன்று, பலகை தனியாகக் கையோடு வந்தது. மிச்சப் பதினொன்றையும் இருளாண்டியே காட்டிக்கொடுத்தான். அன்று முகாமுக்கு அந்த நெருப்பில்தான் சோறு வெந்தது. பெரியநாயகி சாப்பிட்டாள். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

நாகப்பட்டினத்தில் இறங்கி ஊருக்குப் போனால் ஊரில் மழையில்லை. அண்ணன் தம்பிகள் திண்டாடிக்கொண்டிருந்த இடத்தில் இன்னும் இரண்டு வயிறு. மூன்று மாதம் கழித்து, ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சுப்பன் எழுத்துக்காரரைப் பிடித்து எழுதிய கடிதம் வந்தது. பெரியநாயகி அதை நாலு பேரிடம் கொடுத்து நாலு தடவை படிக்கக் கேட்டாள். 1933 சித்திரையில் அவள் காய்ச்சலில் செத்தாள். அந்தச் சேதியை இருளாண்டி மகளுக்கு எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரிடமாவது உட்கார்ந்தால் வாய் வரவில்லை.

மறு வருஷம் ரப்பர் விலை ஏறி, மலாயாவுக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் டிப்போவுக்குப் போனான். டாக்டர் அவனை நாலு எட்டு நடக்கச் சொன்னார். நடந்தான்.

"இந்தக் காலோடயா? போய்யா" என்றார் டாக்டர்.

"தச்சு வேல தெரியும்ங்க."

"அடுத்த ஆளு வா."

வெளியே வரிசையில், செலண்டாரை அடுத்த ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிற ஆள் ஒருவன் கிடைத்தான். பேர் காளிமுத்து. இருளாண்டி அவனிடம் தோட்டத்தின் பேரையும் மகளின் பேரையும் சொன்னான்.

"என்ன சொல்லணும்ண்ணே?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"அம்மா எப்படின்னு கேட்டா?"

"காலமாயிட்டாளுன்னு சொல்லிருங்க" என்றான் இருளாண்டி. காளிமுத்து தலையாட்டுவதற்குள் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம். கைக்குழந்தக்காரி. சொல்லாதீங்க."

"கைக்குழந்தையா? எத்தன வயசு?"

"நாலு ஆகப்போவுது."

உள்ளேயிருந்து காளிமுத்துவின் பேரைக் கூப்பிட்டார்கள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "அப்ப என்னதாண்ணே சொல்ல?" என்று கேட்டபடியே வாசலுக்குள் போனான். காவல்காரர் கதவைச் சாத்தினார்.