இரண்டு மஞ்சள் வளையங்கள்

ஆக்லாந்துக்கு வந்த எட்டாவது மாதத்தில்தான் ஒருவர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் கிடங்கைக் கவனித்துவந்த யாழ்ப்பாணத்து அக்கா அவர். வீடு கிளென்ஃபீல்டில்.

"சனிக்கிழமை ஒரு மணிக்கு வாங்கோ தம்பி. நண்டுக்கறி வைக்கிறன். பிந்தினால் ஓடுதான் மிஞ்சும்" என்றார்.

அதே சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இருந்தது. ஒரு மரப்பட்டைச் சாற்றிலிருந்து ஒரு சேர்மத்தைத் தனியாக்கித் திங்கள் காலையில் கொடுக்க வேண்டும். குழாய் வண்ணப்பிரிகை என்று பாடப்புத்தகத்தில் வரும் முறைதான். செங்குத்தான கண்ணாடிக் குழாயில் சிலிகாத் தூளை நிரப்பி, அதன் மேல் சாற்றை விட்டு, கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூளோடு அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாக இறங்கும். எங்கள் சாற்றில் இரண்டு மஞ்சள் பொருட்கள் இருந்தன; எனக்கு வேண்டியது அவற்றில் ஒன்று. ஒட்டும் குணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்டவை பிரிய நீளமான குழாய், குறைந்த சாறு, வீரியம் குறைந்த கரைப்பான், மெதுவான சொட்டு எல்லாம் வேண்டும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். அந்தத் தளத்தில் வேறு யாரும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையைக் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தேன். பத்தரை மணிக்கு மஞ்சள் ஒரே பட்டையாகக் குழாயின் நடுவைக்கூட எட்டாமல் நின்றது. அந்த வேகத்தில் முடிய நான்கு மணியாகும். கரைப்பானில் வீரியத்தைக் கூட்டும் எத்தில் அசிடேட்டின் பங்கை இரட்டிப்பாக்கினேன். அடியிலிருந்த திருகையும் முழுக்கத் திறந்தேன். செய்யக் கூடாது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் இரண்டு காரியங்கள் அவை.

மஞ்சள் வேகமாக இறங்கியது. பதினொன்றரைக்குள் முப்பது சோதனைக் குழாய்கள் நிறைந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியைச் சிலிகா பூசிய சிறு தட்டில் ஓடவிட்டுப் புறஊதா விளக்கின் கீழ் பார்த்தேன்; ஒரு பொருளுக்கு ஒரு புள்ளி தெரியும். முதல் குழாயிலும் இரண்டு புள்ளிகள், கடைசிக் குழாயிலும் இரண்டு புள்ளிகள். பிரியவே இல்லை.

பொருள் வீணாகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி, கரைப்பானை ஆவியாக்கி, மறுபடியும் தூளின் மேல் ஏற்றலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, என்னால வர முடியாது. அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன். திரும்ப ஓட்டணும்."

"ஏன் தம்பி அவசரம்? நாங்கள் ரெண்டு மணி மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பம்தானே."

"ரெண்டு மணிக்கும் முடியாதுக்கா."

"ஓம், ஓம். வேலை எண்டால் வேலைதான்." பின்னால் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, பலர் சிரித்தார்கள். "சரி, பேந்து கதைப்பம்." பிறகு பேசலாம் என்றபடி வைத்துவிட்டார்.

முந்தியதைவிட நீளமான குழாயை எடுத்து, தூளைத் தட்டித் தட்டிக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பினேன். இந்த முறை சொட்டுகளை எண்ணித் திருகைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஐந்து மணிக்குப் பட்டை இரண்டு வளையங்களாகப் பிரிந்தது. நடுவே வெறும் வெள்ளைத் தூள். பக்கத்தில் காட்ட ஆள் இல்லாததால் நோட்டில் எழுதினேன்: இடைவெளி, ஒரு விரல் அகலம். பிறகு சேகரித்துச் சோதித்த ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் ஒரே ஒரு புள்ளி இருந்தது.

திங்கட்கிழமை சேர்மத்தைக் கொடுத்துவிட்டு, சிலிகா வாங்கக் கிடங்குக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருவர், பின்னால் ஒருவர்.

"வேலை முடிஞ்சுதோ?" என்று அக்கா கேட்டார்.

"முடிஞ்சுதுக்கா. நல்லா வந்திருக்கு."

"நல்லது" என்று சொல்லிச் சிலிகாப் பொதியை என் பக்கம் தள்ளினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலாக அடுத்தவரைப் பார்த்தார். இந்தச் சனிக்கிழமை வாங்கோ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் நியாயம் இல்லை.