வெட்டிய பதினெட்டு வினாடிகள்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் விசில் ஓயாது. குளித்தவர்களை வெளியேற்றி அடுத்தவர்களை விடுவதற்குக் காவலர் ஊதுவார். தென்காசிக்காரர்கள் நாங்கள் மூன்றாவது விசில் வரை நகர மாட்டோம்.

அன்று அண்ணன் மனைவி அருவிக்கடியில் நின்றாள். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நான் போனில் வீடியோ எடுத்தேன். தண்ணீர் செம்மண் நிறமானது திரையில் தெரிந்தது. வெளிச்சக் கோளாறு என்று நினைத்தேன்.

மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மதினியை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் காலை உடல் கிடைத்தது.

அதற்கு முந்தைய மாலையே, தேடிக்கொண்டிருந்த அண்ணனுக்கு வீடியோவை அனுப்பியிருந்தேன், முதல் பதினெட்டு வினாடிகளை வெட்டிவிட்டு. அவற்றில் இருந்தவை: விடாத விசில், ஐந்து முறை. "ஏட்டி, ஊதுதாரு, வரட்டுமா?" என்று மதினி. பிறகு என் குரல்: "அவரு ஊதாம இருந்தாத்தான் அதிசயம். நில்லுங்க மதினி, இன்னும் ஒரு நிமிஷம்."

மீதியில் தண்ணீர் இரைச்சல் மட்டும்தான். அதை ஊரே பகிர்ந்தது. விசிலே ஊதவில்லை என்று அண்ணன் புகார் கொடுத்தான். காவலரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அண்ணன் ஒரு தாளோடு வந்தான்.

"வக்கீலு சான்றிதழ் கேக்காரு. உன் போன்ல எடுத்தது, எதையும் மாத்தலன்னு கையெழுத்துப் போடு. கம்ப்யூட்டர் படிச்சவ, உனக்குத் தெரியாததா?"

தெரியும். மென்பொருள் சோதிப்பது என் வேலை. கோப்பின் கைரேகை போல ஒரு நீண்ட எண்ணைச் சான்றிதழில் எழுத வேண்டும். ஒரு வினாடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். போனில் இரண்டு கோப்புகளும் இருந்தன.

"முன்னால கொஞ்சம் இருக்குண்ணே."

"என்ன இருக்கு?"

போனைக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டான். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டான்.

"வரட்டுமான்னு கேட்டிருக்கா" என்றான். போனைத் திருப்பித் தந்து, "முழுசையும் குடு" என்றான்.

முழு வீடியோவின் எண்ணை எழுதி, ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். காவல் நிலையத்துக்குச் சேர்ந்துதான் போனோம்.

வாசல் பெஞ்சில் அந்தக் காவலர் சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். இறந்தவளின் வீட்டுக்காரர்கள் என்று தெரிந்து, எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.