சுமதி பாட்டு யாருடையது?

ஒலிப்பதிவுத் தொழிலுக்கு நல்ல காது இருந்தால் போதும் என்று நினைத்துத்தான், உத்திரமேரூரில் காதர் பாயின் செருப்புக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து மைக்கை மாட்டினேன். கண்ணும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு விழித்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

சாட்சி

காவாந்தண்டலம் கன்னியம்மா அக்கா நடவுக்கும் களைக்கும் போகிறவர். காய்ச்சலில் இறந்துபோன தன் மகள் சுமதியைப் பற்றி அவரே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. "எய்ந்து வாடி சுமதி" என்று, படுத்திருக்கும் மகளை எழுப்புகிற மாதிரி ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து ஒரு ஆல்பம் கம்பெனிக்காரர் அதைக் கேள்விப்பட்டு, அக்காவை என் அறைக்கு அழைத்து வந்தார். சத்தம் வருமே என்று ஃபேனை நிறுத்தினோம். வேர்வையும் கண்ணீருமாக, ஒரே தடவையில் பாடி முடித்தார்.

முடிந்ததும் கம்பெனிக்காரர் நான்கு பக்க ஆங்கிலக் காகிதத்தை நீட்டினார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் பி.காம். படித்தவள். "எல்லா எடத்துலயும் இப்படித்தான்க்கா, போடுங்க" என்று சொல்லி, சாட்சி இடத்தில் முதலில் என் கையெழுத்தைப் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீயே போட்டுட்டே, அப்பறம் எனக்கு இன்னா பயம்?"

மண்டபத்தில்

ஏழெட்டு மாதம் கழித்துப் பெருநகரில் ஒரு கல்யாணம். மைக் செட் என்னுடையது. பாத்திரம் கழுவ வந்தவர்களில் கன்னியம்மா அக்காவும் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு பென் டிரைவைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். தடதடவென்று டிரம் அடி. அதற்கு மேலே அக்காவின் குரல், ஒரே வரியை வெட்டி வெட்டி: "எய்ந்து வாடி சுமதி! எய்ந்து வாடி சுமதி!" அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். குழந்தைகளுக்குக்கூட அந்த வரி மனப்பாடமாக இருந்தது.

நிறுத்தும் பொத்தான் விரலுக்கு அடியில்தான் இருந்தது, அழுத்த முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், சமையல்கட்டு வாசலில் அக்கா, முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்கிறார். குதிப்பவர்களையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "என் பொண்ணு பேர இவங்களுக்கு யாரு குட்த்தது?"

டப்பா

மறுநாள் கம்பெனிக்கு போன் போட்டேன். தைரியமாகத்தான். அசல் பதிவு என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, அவர்களிடம் இருப்பது நான் அனுப்பிய நகல்தானே? "அந்த ஆட்டப் பாட்டை எடுங்க, இல்லன்னா அசலை நாங்களே வெளியிட்டுடுவோம்" என்று மிரட்டினேன்.

மேனேஜருக்குக் கோபமே வரவில்லை. மாஸ்டர் என்கிற அசல் பதிவு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது கணக்கே இல்லை, யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதோ அவருக்குத்தான் சொந்தம் என்று நிதானமாக விளக்கினார். பாடியவரே அதை வெளியிட்டாலும் அவர்மேல் புகார் போகுமாம். கடைசியாகச் சொன்னார்: "மேடம், டப்பா உங்களுது. உள்ள இருக்கற குரல் எங்களுது. சாட்சிக்குக் கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

செருப்புக்கடையில்

படியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த என் கையிலிருந்து அந்தக் காகிதத்தின் நகலை வாங்கினார் காதர் பாய். கடை வாடகைப் பத்திரத்தையே மூன்று தடவை படிக்கிற மனிதர். செருப்பு வாங்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு, விரல் வைத்து நான்கு பக்கத்தையும் படித்தார். எங்கு பார்த்தாலும் ஒலிப்பதிவு, ஒலிப்பதிவு என்றுதான் இருந்தது. வரிகளைப் பற்றியோ மெட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அக்காவின் குரல் பதிந்த அந்தப் பதிவு மட்டும்தான் கம்பெனிக்குப் போயிருந்தது. பாட்டைக் கட்டியவர் என்ற உரிமை அக்காவிடமே இருந்தது. இரண்டும் வேறு வேறு சொத்து என்பது, இத்தனை பேரைப் பதிந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அக்காவோடு போய்ப் பார்த்த காஞ்சிபுரத்து வக்கீலம்மாவும் அதையே சொன்னார். பாட்டை இப்படிச் சிதைக்க அதைக் கட்டியவரின் சம்மதம் வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பினார். மூன்றாவது வாரம் ஆட்டப் பாட்டு நெட்டிலிருந்து காணாமல் போனது. அக்கா அன்று பாடிய முழுப் பதிவு மட்டும் இன்னமும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. அதைச் சொன்னபோது பாய் கேட்டார்: "ஒரு செருப்பு வாங்க வர்றவங்ககூட அடியில திருப்பிப் பாத்துட்டுதானே வாங்கறாங்க, ஸ்டெல்லாம்மா?"

மறுபதிவு

பாட்டு அக்காவுடையது என்றால் அவர் அதை மறுபடி பாடலாம். புதுப் பதிவு அவர் பெயரிலேயே இருக்கும். கூடாது என்று காகிதத்தில் எங்கும் இல்லை. எனக்குப் பாவத்தைக் கழுவ வழி கிடைத்த மாதிரி இருந்தது. புதுப் பதிவு அவருக்கே சொந்தம் என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி, அக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். வேலை இல்லாத ஒரு நாளில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு அடி பாடினார். சுருதி சுத்தம், ஒரு பிசிறு இல்லை. நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இரண்டு அடி. மறுபடி நிறுத்தினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதிவை ஓடவிட்டபடி காத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். "தொண்ட நல்லாதான் கீது. ஆனா அன்னிக்கி அவ எதுருல வந்து நின்னா மாரி இருந்திச்சி, அய்துகினே பாடிட்டேன். அந்த அய்கைய அவங்க கைல குட்த்துட்டேன் ஸ்டெல்லா, இன்னொருக்கா வராது."

மைக் முன்னால் நிற்கிறவர்கள் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரியாமலேயே, நான் இத்தனை வருஷமாகக் கட்டைவிரலைத் தூக்கி 'டேக் ஓகே' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.